கிரானைட் அறுக்கிற தூசி: வீட்டுக்காரருக்கு இருமல் விடவே இல்லை, மாஸ்க் போட்டால் போதுமா?

ஒத்தக்கடைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் கிரானைட், டைல்ஸ் பதிக்கிற வேலை பார்க்கிறார். முதலில் ஒரு கொத்தனாரிடம் நிமிந்தாளாக, அதாவது கையாளாகப் போனார், அப்புறம் சொந்தமாகக் கட்டிங் மெஷின் வாங்கித் தனியாக வேலை பிடிக்க ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மதுரையைச் சுற்றி மேலூர், ஊமச்சிகுளம், கே.கே.நகர் என்று எங்கே வீடு எழும்புகிறதோ அங்கே வேலை. சமையல் மேடைக்குக் கல் அறுப்பது, சிங்குக்கு ஓட்டை போடுவது, மாடிப்படிக் கல்லின் ஓரத்தை உருட்டி பாலிஷ் போடுவது எல்லாம் அவரே செய்வார். பெரும்பாலும் தண்ணீர் விடாமல் அப்படியேதான் அறுப்பது. மூக்கில் ஒரு துண்டு கட்டிக்கொள்வார், அதுவும் பாதி நேரம் கழுத்தில்தான் கிடக்கும். சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது கண் இமை முடி வரைக்கும் வெள்ளையாக இருக்கும்.

ஒரு வருஷமாக வறட்டு இருமல். சளி என்று ஒன்றும் வராது. போன மாதம் அழகர்கோயில் போனபோது வேனில் வேண்டாம், ராக்காயி அம்மன் கோயிலுக்கு நடந்தே ஏறலாம் என்று அவர்தான் சொன்னார், ஆனால் பழமுதிர்சோலை வருவதற்குள்ளேயே அங்கங்கே உட்கார ஆரம்பித்துவிட்டார். ஆள் இன்னும் நாற்பதைத் தொடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்து, நெஞ்சில் புள்ளி புள்ளியாக இருக்கிறது, டி.பி. என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றுதான் வந்தது, இருந்தாலும் விடாமல் சாப்பிட்டு முடித்தார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அங்கே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

இப்போது கூட வேலை பார்க்கிற ஒருவர், இது கல் தூசியால் வருகிற வியாதியாக இருக்கும் என்கிறார். என் கொழுந்தனார், தினமும் கருப்பட்டி சாப்பிட்டால் தூசி எல்லாம் இறங்கிவிடும் என்கிறார். நிஜமாகவே தூசியால் இப்படி வருமா? மாஸ்க் போட்டால் போதுமா? எந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒழுங்காகப் பார்ப்பார்கள்? இன்னொன்று, அவர் சட்டையைத் திண்ணையில் உதறும்போது எங்கள் சின்னப்பிள்ளை அங்கேயேதான் விளையாடிக்கொண்டிருக்கும், அதற்கும் ஏதாவது ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெஞ்சக வார்டு

தங்கச்சி, நான் நெஞ்சு நோய்ப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தவள். இங்கே உட்கார்ந்துகொண்டு அவருக்கு இதுதான் வியாதி என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், சிலிகோசிஸ், அதாவது கல் தூசியால் வருகிற நுரையீரல் வியாதி, இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்தே ஆகவேண்டும்.

கிரானைட்டில் சாதாரணமாகக் கால் பங்கிலிருந்து பாதி வரை படிகச் சிலிக்கா இருக்கும், குவார்ட்ஸ் என்பது அதுதான். கல்லை அறுக்கும்போது நம் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் புகை பெரிய விஷயமே இல்லை, அதில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், தும்மினால் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் ஆபத்து. நாலைந்து மைக்ரானுக்கும் சின்னது, தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரைக்கும் போய் உட்கார்ந்துவிடும். அங்கே வெளியிலிருந்து வரும் குப்பையை விழுங்கிச் செரிக்கிற செல்கள் இருக்கின்றன. அவை சிலிக்காவையும் விழுங்கும், ஆனால் செரிக்க முடியாமல் தாங்களே செத்துப்போகும். உள்ளே இருந்த தூசி திரும்ப வெளியே வரும், அதை இன்னொரு செல் விழுங்கும், அதுவும் சாகும். இது நடக்கிற இடமெல்லாம் புண் ஆறிய தழும்பு மாதிரிக் கெட்டியாகிக்கொண்டே போகும். தழும்பான இடத்தில் காற்று ஏறாது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது.

அந்தத் தழும்பை மறுபடி பழையபடி ஆக்க இன்றைக்கு மருந்து இல்லை. இதை மறைத்துச் சொல்வதில் அர்த்தம் இல்லை. வேலையை விட்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமாகலாம். ஆனால் தூசியில் இருந்துகொண்டே இருந்தால் இன்னும் வேகமாகப் போகும், ஆகவே எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. சாதாரணமாகப் பத்து வருஷம், அதற்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு வரும். தூசி அளவு அதிகம் என்றால் ஐந்து வருஷத்திலேயே வரும். மூடிய அறைக்குள் தண்ணீர் இல்லாமல் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு அதற்கும் முன்னால்கூட வந்திருக்கிறது.

டி.பி. விஷயத்தை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் சிலிகோசிஸும் டி.பி.யும் ஒன்று போலத் தோன்றி ஏமாற்றும். அதே சமயம் சிலிகோசிஸ் உள்ளவர்களுக்கு டி.பி. மற்றவர்களைவிடப் பல மடங்கு சுலபமாக வரும், ஏனென்றால் டி.பி. கிருமியைப் பிடிக்க வேண்டிய அதே செல்களைத்தான் தூசி கொன்றுவிடுகிறது. இரண்டும் சேர்ந்தும் இருக்கும். அதனால் அப்போது கொடுத்தது தப்பு மாத்திரை என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். மறுபடி சளியை, டி.பி. கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற சிபிநாட் பரிசோதனைக்குக் கொடுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.

மதுரை பெரியாஸ்பத்திரியில் நெஞ்சு நோய்ப் பிரிவு இருக்கிறது. தோப்பூரில் அரசு நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது, ஒத்தக்கடையிலிருந்து கொஞ்சம் அலைச்சல்தான். எங்கே போனாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: என்ன கல், எத்தனை வருஷம், தண்ணீர் விட்டா விடாமலா, வெட்டவெளியிலா அறைக்குள்ளேயா. பழைய எக்ஸ்ரேயைக் கண்டிப்பாக எடுத்துப் போங்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தையதும் இப்போது எடுப்பதும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புள்ளி பெருகியிருக்கிறதா என்று தெரியும். ஊதிக் காட்டச் சொல்கிற ஸ்பைரோமெட்ரி சோதனையும் செய்வார்கள், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன்.

பிள்ளை விஷயம். வேலை இடத்துத் தூசியோடு பார்த்தால் சட்டையில் வருவது ரொம்பக் குறைவு, அதற்காகப் பயந்து தூக்கம் கெட வேண்டாம். இருந்தாலும் உதறுவதை நிறுத்துங்கள். வேலைச் சட்டையை அங்கேயே மாற்றிக்கொண்டு பையில் போட்டுக் கொண்டுவரட்டும், நேரே தண்ணீர் வாளியில் முக்கிவிடுங்கள்.

பீடி, சிகரெட் பழக்கம் உண்டா? நீங்கள் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். இருந்தால் இன்றைக்கே விடச் சொல்லுங்கள். சிலிக்கா தூசியே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. அதன் மேல் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கல்லுக்காரன் பேரன்

எல்லாவற்றுக்கும் இப்படிப் பயமுறுத்தினால் ஒருத்தனும் வேலைக்குப் போக முடியாது. எங்கள் தாத்தா திருப்பரங்குன்றம் பக்கம் அம்மி, ஆட்டுக்கல், உரல் கொத்தியவர். சின்ன வயதிலிருந்து கல்லோடுதான் இருந்தார், எண்பது தாண்டித்தான் போனார், ஒரு நாள் இருமி நான் பார்த்ததில்லை. மாஸ்க்காவது மண்ணாவது. வேலை முடிந்ததும் ஒரு துண்டுக் கருப்பட்டி, ஒரு செம்பு தண்ணீர், அவ்வளவுதான். இந்தக் காலத்து உடம்பு தாங்கவில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பழைய மேஸ்திரி

தம்பி, உங்கள் தாத்தா கொத்தியது உளியிலும் சுத்தியலிலும். மரத்தடியிலோ ரோட்டோரத்திலோ உட்கார்ந்து கொத்தியிருப்பார், சரியா? உளி அடிக்கு அடி சில்லு தெறிக்கும், பொடியும் வரும், காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அதிலும் சேதாரம் இல்லாமல் இல்லை, சிற்ப வேலை பார்த்தவர்களில் மூச்சு வாங்கியே போனவர்களை எனக்குத் தெரியும், ஊரில் அதைக் காசம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் இப்போது இருக்கிற நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றுகிறது. அது கல்லை வெட்டுவதில்லை, மாவாக அரைத்து ஊதுகிறது. உங்கள் தாத்தா ஒரு நாள் பூராவும் கிளப்பிய தூசியை இப்போது மெஷின் பிடிக்கிறவன் ஒரு சிங்க் ஓட்டை போடுவதற்குள் கிளப்பிவிடுவான், அதுவும் ஒரு சமையலறைக்குள், முகத்துக்கு ஒரு முழத்துக்குள் மெஷினை வைத்துக்கொண்டு.

கருப்பட்டி உடம்புக்கு நல்லதுதான், சாப்பிடட்டும். ஆனால் அது போவது வயிற்றுக்கு, தூசி போவது நெஞ்சுக்கு. அங்கே இது எப்படிப் போய்ச் சேரும்?

இனி தங்கச்சிக்கு. நான் நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன், இப்போது மேற்பார்வை மட்டும். மாஸ்க் போதுமா என்று கேட்டால் என் பதில், முதலில் தண்ணீர், அப்புறம்தான் மாஸ்க். தண்ணீர் பட்டால் தூசி கிளம்புகிற இடத்திலேயே சேறாகிவிடும், மூக்குக்கு வருவதே குறைந்துவிடும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சித்தாளோ நிமிந்தாளோ பிளேடு கல்லில் படுகிற இடத்தில் சன்னமாக ஊற்றிக்கொண்டே வந்தால் போதும். ஆனால் இதைச் சாதாரண கிரைண்டரில் செய்யாதீர்கள், அது தண்ணீருக்குச் செய்த மெஷின் இல்லை. மார்பிள் கட்டர் என்று விற்கிறார்களே, அதில் சில மாடலில் தண்ணீர்க் குழாய் மாட்ட வசதியே உண்டு, பார்த்து வாங்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் பாவம். நம் சைட்டில் கரண்ட் எடுக்கிற லட்சணம் எல்லோருக்கும் தெரியும். பிளக் இருக்காது, வயர் முனையைச் சீவி சாக்கெட் ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி செருகியிருப்பான். அந்த வயரில் மெஷின் ஓட்டிக்கொண்டு கீழே தண்ணீர் ஊற்றினால், தூசியில் பத்து வருஷம் கழித்துப் போகிற உயிர் அன்றைக்கே போய்விடும். அதனால் பிளக், மூன்று கம்பி வயர், எர்த், முப்பது மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாகக் கரண்ட்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபி இத்தனையும் இருந்தால்தான் தண்ணீர். மெஷின் வாங்குகிற காசோடு பார்த்தால் ஆர்சிசிபி போட்ட ஒரு பெட்டி பெரிய செலவில்லை, ஒரு முறை செய்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சேறு காய்வதற்கு முன்னால் வழித்துக் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் திரும்பத் தூசிதான், மறுநாள் காலையில் சித்தாள் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டும்போது அது முழுவதும் அந்தப் பிள்ளை நெஞ்சுக்குத்தான் போகும். கூட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று நான் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்.

புதுசா வீடு கட்டுறேன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் வேலை நடக்கிறது, திருமங்கலம் பக்கம். தண்ணீர் விட்டு அறுங்கள் என்று சொன்னால் வேலையாட்களே மாட்டேன் என்கிறார்களே, ஏன்? வேகம் குறையும் என்கிறார்கள். அப்புறம் எம்-சாண்ட் சலிக்கிற அம்மாவுக்கும், சுவரில் வயரிங்குக்குக் காடி போடுகிற பையனுக்கும் இதே ஆபத்து உண்டா? அந்தப் பையன் காடி போட்ட அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரரே சண்டைக்கு வந்துவிட்டார், அவ்வளவு புகை.

பழைய மேஸ்திரி

வேகம் குறைவது கொஞ்சம்தான். நிஜக் காரணம் வேறு, அது உங்களை மாதிரி வீட்டுக்காரர்கள்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிரானைட் வேலை வருகிற நேரத்தில் பட்டி பார்த்து முதல் கோட் பெயிண்ட் அடித்திருப்பார்கள், வாசக்கால் பாலிஷ் ஆகியிருக்கும். தண்ணீர் விட்டு அறுத்தால் சேறு தெறித்துச் சுவரெல்லாம் கறையாகும், வீட்டுக்காரர் வந்து கத்துவார், கறை எடுக்கிற கூலியைப் பிடித்துக்கொள்வார். தூசி என்றால் துடைத்தால் போய்விடும், யாரும் கத்தமாட்டார்கள். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவன் எதைச் செய்வான்?

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அளவை எடுத்துக் கொடுத்துக் கல் வாங்குகிற கடையிலேயே அறுத்து வாங்குங்கள். அங்கே பெரிய கட்டர் தண்ணீரில்தான் ஓடும். சிங்க் ஓட்டை, ஓரம் பாலிஷ் இரண்டையும்கூட அங்கேயே முடித்துக் கொடுப்பார்கள், கொஞ்சம் கூடக் கேட்பார்கள், அவ்வளவுதான். மீதி இருக்கிற சின்ன வெட்டை வாசலில், வெட்டவெளியில், காற்று முதுகிலிருந்து வருகிற மாதிரி உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். பெயிண்ட் கடைசியில் அடித்துக்கொள்ளலாம்.

எம்-சாண்ட் என்பது நம் பக்கத்துக் கருங்கல்லைக் கிரஷரில் உடைத்த பொடிதானே, கல்லில் இருக்கிற எல்லாம் அதிலும் இருக்கும். வைகை மணல் ஈரமாக, உருண்டையாக வரும், இது காய்ந்தால் மாவு பறக்கும். லேசாக நனைத்துவிட்டுச் சலித்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. காடி போடுகிற பையன்தான் எனக்குக் கவலை. செங்கலும் கான்கிரீட்டும் பூச்சும் சேர்த்து அறுக்கிறான், தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு, எல்லாம் நேரே முகத்தில். அந்த வேலைக்குத் தூசி உறிஞ்சுகிற வேக்குவம் மாட்டிய மெஷின் இருக்கிறது, ஆனால் நம் ஊரில் வைத்திருக்கிறவர்களைத் தேடத்தான் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவனுக்கு நல்ல மாஸ்க்காவது வாங்கிக் கொடுங்கள்.

நெஞ்சக வார்டு

மேஸ்திரி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. மாஸ்க் பற்றி மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன். துண்டு, கைக்குட்டை, கொரோனா சமயத்தில் போட்டோமே அந்த நீல மாஸ்க், எதுவும் இந்தத் தூசியை நிறுத்தாது. துண்டை நனைத்துக் கட்டினாலும் அப்படித்தான். என்95 அல்லது எஃப்எஃப்பி2 என்று போட்டிருப்பது வேண்டும், காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டி போடுவது முகத்தோடு நன்றாக ஒட்டும். மீசை பரவாயில்லை, தாடி இருந்தால் ஓரத்தில் சந்து விழுந்து எல்லாம் உள்ளே போகும். சித்திரை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் அண்ணன் சொன்ன மாதிரித் தண்ணீர் முதலில் வருகிறது.

அமெரிக்காவில் 2016-இல் கொண்டுவந்த விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காதான் உச்ச வரம்பு. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த அறை முழுவதற்கும் ஒன்றரை மில்லிகிராம்கூட வராது. நாம் சாப்பிடுகிற காய்ச்சல் மாத்திரை 500 மில்லிகிராம். அதை முந்நூறு பங்கு வைத்து அதில் ஒரு பங்கு அந்த அறையில் மிதந்தாலே வரம்பு தாண்டிவிட்டது. இமை முடி வெளுக்கிற அளவு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கல்லும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்பிள், கடப்பா இரண்டிலும் சிலிக்கா குறைவு. கறுப்பு கிரானைட் என்று விற்பதிலும் பெரும்பாலும் குறைவுதான். வெள்ளை, சிவப்பு கிரானைட்டில் அதிகம் (காஷ்மீர் ஒயிட் என்று பெயர் வைத்து உலகத்துக்கே விற்றது நம் மேலூர்ப் பக்கத்துக் கல்தான், அது வேறு கதை). இப்போது சமையல் மேடைக்குக் குவார்ட்ஸ் ஸ்லாப் என்று செயற்கைக் கல் வருகிறதே, அதில் பெரும்பாலானவற்றில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. அதை அறுத்த இளவயதுப் பையன்களுக்கே நுரையீரல் போய், கடைசியில் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வேலை வந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள், எவ்வளவு கூலி தந்தாலும்.

கல்லுக்காரன் பேரன்

சரி, மெஷின் விஷயம் நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், இவ்வளவு ஆபத்து என்றால் அரசாங்கம் ஏன் கண்டுகொள்ளவில்லை? எல்லா வீட்டு வாசலிலும் இதே புகைதானே.

ஒத்தக்கடைக்காரி

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன். அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தோம். அந்த டாக்டர் முதல் கேள்வியே என்ன வேலை என்றுதான் கேட்டார், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சிபிநாட் நெகட்டிவ். பழைய எக்ஸ்ரே, புது எக்ஸ்ரே இரண்டையும் வெளிச்சத்தில் மாட்டி எங்களுக்கே காட்டினார், இரண்டு பக்கமும் மேல் பகுதியில் புள்ளிகள் கூடியிருக்கின்றன. சி.டி.யும் எடுத்தார்கள். சிலிகோசிஸ் என்று சீட்டிலேயே எழுதிவிட்டார். ஊதுகிற சோதனையில் ரொம்ப மோசம் இல்லையாம், இப்போதே தூசியை விட்டு விலகினால் நல்லது என்றார். பீடி உண்டு, அக்கா கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் போடவில்லை. இப்போது நிறுத்தியிருக்கிறார், கடுகடுவென்று இருக்கிறார்.

வேலையை விடுவது என்றால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அவருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். நஷ்ட ஈடு ஏதாவது உண்டா? யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை, அவருக்கு முதலாளி என்று ஒருத்தர் இருந்ததே இல்லை.

கட்டடச் சங்கத்து ஆள்

அம்மா, பேரன் தம்பி கேட்டதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிகோசிஸ் அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது, அதாவது ஒரு டாக்டர் தொழிற்சாலை ஆளிடம் இதைக் கண்டால் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலிலும் இருந்தது, இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பட்டியலிலும் இருந்தது. 2025 நவம்பரில் இந்தச் சட்டங்களுக்குப் பதிலாக வந்த புதிய தொகுப்புகளிலும் இந்த நோய் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் பதிவேட்டில் பெயர், சம்பளச் சீட்டு, ஒரு முதலாளி இருந்தால்தான் நடக்கும். உங்கள் வீட்டுக்காரர் இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் ஒரு வீடு. எந்த வீட்டுத் தூசி நெஞ்சில் இருக்கிறது என்று யாரைப் போய்க் கேட்பது? ஓட்டை அங்கேதான் இருக்கிறது, ஆள்கள் எல்லாம் அதில்தான் விழுகிறார்கள். ராஜஸ்தானில் கல் வேலை அதிகம், செத்தவர்களும் அதிகம், அங்கே பல வருஷம் போராடி 2019-இல் இதற்கென்றே தனிக் கொள்கை வந்தது. முதலாளி யார் என்று நிரூபிக்காமலேயே, மருத்துவக் குழு சான்று கொடுத்தால் அரசே பணம் கொடுக்கிறது. நம் ஊரிலும் அப்படி வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது உடனே செய்ய வேண்டியது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா? இல்லாவிட்டால் பதிவு செய்யுங்கள், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் வேண்டும், வேலை பார்க்கிறார் என்பதற்குச் சான்று சங்கத்திலோ வி.ஏ.ஓ.விடமோ கேட்டு வாங்கலாம். அட்டை இருந்து புதுப்பிக்காமல் விட்டிருந்தால் புதுப்பித்துவிடுங்கள், நிறைய பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். விவரம் தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் கிடைக்கும். பிள்ளை படிப்புக்கு உதவித்தொகை, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அந்த அட்டையை வைத்துத்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் அதையும் எடுங்கள், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை.

சீட்டில் சிலிகோசிஸ் என்று எழுதி வாங்கியிருக்கிறீர்களே, அது பெரிய விஷயம். பத்து பேருக்கு இந்த வியாதி இருந்தால் ஒருத்தர் சீட்டில்தான் அந்தப் பெயர் இருக்கும் என்பது என் அனுபவம், மீதி எல்லாம் டி.பி., ஆஸ்துமா. அந்தச் சீட்டு, சி.டி. ரிப்போர்ட், இரண்டு எக்ஸ்ரே எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். எக்ஸ்ரே ஃபிலிமை மடித்துப் பரண் மேல் போடாதீர்கள்.

பழைய மேஸ்திரி

வேலை விஷயம் நான் சொல்கிறேன் தங்கச்சி. பத்து வருஷம் கல் பதித்தவருக்கு அளவு எடுக்கத் தெரியும், மட்டம் பார்க்கத் தெரியும், ஒரு வீட்டுக்கு எத்தனை சதுர அடி, எவ்வளவு சேதாரம் என்று கண்ணாலேயே சொல்லுவார். மெஷினை விட்டு விலகி அளவெடுப்பு, மேற்பார்வை, கான்ட்ராக்ட் பிடித்துக் கொடுப்பது என்று போகலாம். டைல்ஸ் கடை, கிரானைட் கடைகளில் அளவெடுக்கப் போகிற ஆளைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அறுக்கிற ஷெட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பிரயோஜனம் இல்லை. கூலி ஆரம்பத்தில் குறையத்தான் செய்யும்.

மதுரை, மேலூர் பக்கம் நான் கேட்டுப் பார்க்கிறேன், தனிச் செய்தியில் எழுதுங்கள். அந்த மெஷினை விற்பதாக இருந்தால், வாங்குகிற பையனிடம் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்து விற்கச் சொல்லுங்கள்.

நெஞ்சக வார்டு

பீடியை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரம் அப்படித்தான் எரிந்து விழுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் ஃப்ளூ காய்ச்சல், நிமோனியா தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், இவருக்கு அவசியம். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தால் விடாமல் செய்யச் சொல்லுங்கள். இருமலோடு சாயந்திரக் காய்ச்சல், எடை குறைவது, சளியில் ரத்தம் ஏதாவது வந்தால், போன முறை நெகட்டிவ் என்று இருந்துவிடாமல் உடனே போய் மறுபடி டி.பி. சோதனை செய்துகொள்ள வேண்டும்.

கூட வேலை பார்த்த ஒருவர்தான் முதலில் சொன்னார் என்று எழுதியிருந்தீர்களே, அவரும் அதே தூசியில்தானே இருந்தார்? அவரையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒத்தக்கடைக்காரி

சொல்லிவிட்டேன் அக்கா. திங்கட்கிழமை அவரும் இன்னும் இரண்டு பேரும் போகிறார்கள், இவர்தான் கூட்டிக்கொண்டு போகிறார். மேஸ்திரி அண்ணனுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.